ஆட்டம் மறைந்த பாட்டு: அருணாசலத்தின் அடியில் மகளிர் விளையாட்டுப் பாடல்கள், மணிவாசகர் முதல் ரமணர் வரை

திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் பகவான் ரமணரின் சமாதி முன் வேதபாராயணத்தோடு சேர்த்து 'உபதேச சாரம்' ஓதப்படுகிறது. வடமொழியில் முப்பது சுலோகங்கள். கன்மத்தில் தொடங்கி, பூசை, செபம், தியானம், மூச்சடக்கம் என்று ஏறி, 'நான் யார்' என்னும் விசாரத்தில் சென்று நிற்கும் நூல் அது. ரமணர் அதை முதலில் எழுதியது தமிழில். 1927இல் எழுதிய அந்த மூலத்தின் பெயர் 'உபதேச உந்தியார்'. உந்தியார் என்றதும் இன்று சாத்திர நூல் ஒன்றின் நினைவுதான் வரும். ஆனால் உந்தி பறத்தல் என்பது சிறுமியரும் இளமகளிரும் ஆடிய ஆட்டம். அந்த ஆட்டத்துக்கு உரிய பாட்டில்தான் 20ஆம் நூற்றாண்டின் மிகச் செறிவான அத்துவித நூல்களுள் ஒன்று எழுதப்பட்டிருக்கிறது.

இது எப்படி நேர்ந்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. வழக்கமாகச் சொல்லப்படும் விடை ஒன்று உண்டு: அருளாளர்கள் எளிய மக்களின் விளையாட்டை எடுத்துத் தத்துவத்தின் உயரத்துக்கு ஏற்றினார்கள் என்பது. இதோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. ஏற்றுவதற்கு முன்பே அந்தப் பாட்டுகளில் வலுவான கட்டமைப்பு இருந்தது. ஒருத்தி சொல்ல ஒருத்தி மறுப்பது, ஓர் அடியைத் திருப்பிச் சொல்லி அடுத்ததற்கு மூச்சு வாங்குவது, வேலையின் படிகளை வரிசையாகப் பாடுவது எல்லாம் ஆட்டத்திலிருந்தும் உரலடியிலிருந்தும் வந்தவை. சைவமும் வேதாந்தமும் அவற்றைக் கடன் வாங்கின. அந்தக் கடனின் வரலாறு அண்ணாமலையைச் சுற்றித் தெளிவாகக் கிடைக்கிறது.

சிலம்பும் ஆழ்வார்களும்

விளையாட்டுப் பாட்டு எழுத்திலக்கியத்துக்குள் வந்ததற்குச் சிலப்பதிகாரமே நல்ல சான்று. வஞ்சிக் காண்டத்து வாழ்த்துக் காதையில் அம்மானை வரி, கந்துக வரி, ஊசல் வரி, வள்ளைப் பாட்டு என நான்கும் அடுத்தடுத்து வருகின்றன. காய்களை மேலே எறிந்து பிடிப்பது அம்மானை, பந்தாட்டம் கந்துகம், ஊஞ்சலாடுவது ஊசல், உலக்கை பிடித்துக் குற்றுவது வள்ளை. நான்குமே மன்னர் புகழைத்தான் பாடுகின்றன. பிற்கால வழக்கில் அம்மானைக்கு மூன்று பெண்கள் வேண்டும். முதலாமவள் ஒரு செய்தியைச் சொல்வாள், இரண்டாமவள் அதில் முரணைக் கண்டு மடக்குவாள், மூன்றாமவள் சிலேடையால் அவிழ்ப்பாள். காய் ஒரு கையிலிருந்து மறு கைக்குப் போவதைப் போலச் சொல்லும் கைமாறுகிறது.

வைணவத்திலும் இதே போக்கு உண்டு. பெரியாழ்வாரின் உந்தி பறக்கும் பதிகத்தில் (3.9) ஒருத்தி கண்ணனைப் பாட, எதிரில் நிற்பவள் இராமனைப் பாடுகிறாள், பாட்டுக்குப் பாட்டு கட்சி மாறுகிறது. திருமங்கையாழ்வாரின் சாழல் (11.5) ஏசுதலும் ஏத்துதலுமாக அமைந்தது. மணிவாசகரின் திருச்சாழலிலும் ஒருத்தி சிவனைக் கேலி செய்வாள்: ஆண்டி, சாம்பல் பூசியவன், சுடுகாட்டில் ஆடுபவன் என்று. மற்றவள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்வாள். பூர்வபட்சம், சித்தாந்தம் என்று தருக்க நூலார் பிரித்துக் காட்டும் வாதமுறையைத் தெருவில் ஆடும் பெண்பிள்ளைகள் அந்தப் பெயர்கள் இல்லாமலே கையாண்டிருக்கிறார்கள்.

அண்ணாமலையில் மணிவாசகர்

திருவாசகத்தின் 51 பகுதிகளில் ஏழாவதான திருவெம்பாவை தொடங்கிப் பதினாறாவதான திருப்பொன்னூசல் வரையிலான பத்தும் மகளிர் ஆட்டம், நோன்பு, வேலை ஆகியவற்றைச் சார்ந்தவை: வெம்பாவை, அம்மானை, பொற்சுண்ணம், கோத்தும்பி, தெள்ளேணம், சாழல், பூவல்லி, உந்தியார், தோணோக்கம், பொன்னூசல். இவற்றில் முதல் இரண்டும் திருவண்ணாமலையில் பாடப்பட்டவை என்பது மரபு. மார்கழியில் பெண்கள் ஒருவரையொருவர் எழுப்பிக்கொண்டு நீராடப் போனதைக் கண்டு வெம்பாவையும், அம்மானை ஆடியதைக் கண்டு அம்மானையும் பாடினார் என்கிறார்கள். திருவெம்பாவையின் 18ஆம் பாட்டில் அண்ணாமலையானின் பெயரே வருகிறது. கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலையில் மணிவாசகருக்குத் தனிக் கோயில் உண்டு. செங்கம் சாலையில் ரமணாசிரமத்தைக் கடந்து மேற்கே நடப்பவர்கள் 14 கிலோமீட்டர்ச் சுற்றில் பாதி வழிக்குள் அதைக் காணலாம்.

திருவம்மானையைக் கூர்ந்து பார்த்தால் ஒரு மாற்றம் தெரியும். சொல்லல், மடக்கல், அவிழ்த்தல் என்னும் மூவர் ஆட்டம் அதில் இல்லை. இருபது பாட்டிலும் ஒரே குரல்தான். ஆறு ஆறு அடிகளாகச் சிவனைப் பாடி, இறுதியில் அம்மானை என்ற விளியில் வந்து முடிகிறது. ஆட்டத்தின் உடலசைவு ஓரிரு இடங்களில் தலைகாட்டுகிறது. 13ஆம் பாட்டில் ஆடுபவர்களின் வளை ஒலிப்பதும் காதணி அசைவதும் கூந்தல் புரள்வதும் பேசப்படுகின்றன. மற்ற இடங்களில் காயும் கையும் கண்ணில் படுவதில்லை. ஆட்டத்திலிருந்து பாட்டு பிரியத் தொடங்கியதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரிந்து இல்லை. மடக்கும் விடையும் சாழலுக்குப் போய்விட்டன. அம்மானையில் எஞ்சியது ஈற்றுச் சொல்.

உந்தியாரின் அச்சு இன்னும் சிறியது. மூன்றே அடிகள். முதலடி செய்தியைத் தொடங்கும். அடுத்த இரண்டும் 'உந்தீபற' என்று முடியும். எம்பிக் குதித்து ஆடும் ஆட்டம் இது என்று உரைகாரர் சிலர் சொல்வர். வேறு விதமாக விளக்குவாரும் உண்டு. எந்த ஆட்டமானாலும், இரண்டு முறை வரும் அந்த முடிப்பு உடலுக்கான கட்டளை. திரிபுரம் எரித்ததும் தக்கன் வேள்வி அழிந்ததுமாகிய கதைகளை மணிவாசகர் இந்தச் சின்ன அச்சில் இருபது பாட்டாக வார்க்கிறார்.

பிரிந்த பாதைகள்

மணிவாசகருக்குப் பின் இந்த வடிவங்கள் வெவ்வேறு திசையில் போயின. 12ஆம் நூற்றாண்டில் திருவியலூர் உய்யவந்த தேவர் 45 பாட்டில் 'திருவுந்தியார்' செய்தார். சைவ சித்தாந்த சாத்திரங்கள் பதினான்கில் முதலாவதாக வைத்து எண்ணப்படுவது அது. கதையும் அதில் இல்லை, நேரடியான உபதேசம். பதி, பசு, பாசம் என்று பின்னால் விரிந்த பெரிய சாத்திரக் கட்டடத்தின் வாசற்படியில் ஒரு பெண்பிள்ளைகள் விளையாட்டின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. இதைச் சைவர்கள் அதிகம் கவனித்ததாகத் தெரியவில்லை.

அம்மானை இரண்டாகக் கிளைத்தது. புலவர்கள் கையில் அது கலம்பகத்தின் உறுப்பாயிற்று. அருணாசல புராணம் செய்த சைவ எல்லப்ப நாவலர் திருவண்ணாமலைக்கென்றே பாடிய அருணைக் கலம்பகம் அந்த மரபில் வந்தது. பெண்பாற் பிள்ளைத்தமிழிலும் அம்மானை, நீராடல், ஊசல் ஆகியவை கடைசி மூன்று பருவங்களாயின. மக்கள் கையிலோ அது நெடுங்கதைப் பாட்டானது. திருமலை நாயக்கரின் தளபதியைப் பாடும் இராமப்பய்யன் அம்மானையில் காயும் இல்லை, மூவரும் இல்லை. ஒருவர் படிக்க ஊர் உட்கார்ந்து கேட்கிறது. ஆட்டத்தின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு போர்க்கதை ஆகிவிட்டது.

திருவெம்பாவை கடல் தாண்டியது. சயாம் அரசவைப் பிராமணர்கள் ஆண்டுதோறும் நடத்தும் 'திரியம்பாவை' சடங்கில் அதன் பாட்டுகள் ஓதப்படுவதைத் தனிநாயகம் அடிகள் முதலானோர் எழுதியிருக்கிறார்கள். அந்தச் சடங்கோடு பாங்காக்கின் மாபெரும் ஊஞ்சலில் ஆடவர் ஆடும் விழாவும் இருந்தது. 1784இல் நிறுவிய அந்த ஊஞ்சலில் ஆடுவது 1935இல் நிறுத்தப்பட்டது. செந்நிறத் தூண்கள் இன்றும் நிற்கின்றன; ஓதுதலும் நிற்கவில்லை. ஊஞ்சல் போன பிறகும் பாட்டு இருக்கிறது.

ஜப்பானிய இணை ஒன்று

ஆட்டம் ஒழிந்து பாட்டு பிழைப்பது தமிழுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. ஜப்பானில் 'வராபே உதா' எனப்படும் சிறுவர் பாட்டுகளில் பெரும்பகுதி ஏதாவதோர் ஆட்டத்தோடு பிறந்தவை. 'தெமரி' என்னும் நூற்பந்தைத் தட்டிக்கொண்டு பாடுவது ஒரு வகை. பயறு நிரப்பிய சிறு துணிப்பைகளை எறிந்து பிடிக்கும் 'ஒதெதமா'வுக்குப் பாடுவது இன்னொரு வகை. இது நம் அம்மானைக்கு மிக நெருங்கிய உறவு. எச்சிகோ நாட்டு ஜென் துறவி ரியோகான் (1758–1831) அங்கிக்குள் தெமரிப் பந்தை வைத்துக்கொண்டு ஊர்ப் பிள்ளைகளோடு விளையாடியவர். அதைக் கவிதையிலும் வைத்தவர். அண்ணாமலையில் தாம் வாழ்ந்த விரூபாட்ச குகைக்கு ஏறிவந்த சிறுவர்களோடு ரமணர் கோலி ஆடியதுண்டு என்பது இங்கே நினைவுக்கு வராமல் இருக்காது.

அங்கே இந்தப் பாட்டுகளுக்குப் போட்டியாக வந்தது பள்ளிக்கூடம். மெய்ஜி அரசு 1881இல் வெளியிடத் தொடங்கிய பள்ளிப் பாட்டு நூல்களில் மேற்கத்திய மெட்டுகளே மிகுதி. அந்தப் பள்ளிப் பாட்டின் வறட்சிக்கு மாற்றாகத்தான் 1918இல் 'அகாய் தோரி' இதழ் தோன்றியது; கவிஞர் கிதஹாரா ஹகுஷு அதில் சிறுவர்க்குப் புதுப் பாட்டுகள் எழுதினார். 'தோர்யான்சே' என்ற பழைய ஆட்டப்பாட்டின் மெட்டு இன்னொரு வழியில் பிழைத்தது: சாலையைக் கடக்கலாம் என்று பார்வையற்றோர்க்கு அறிவிக்கும் சமிக்ஞை ஒலியாக. இருவர் கைகோத்து வாசல் அமைக்க மற்றவர்கள் அதற்குள் நுழைந்து போகும் ஆட்டம் அது. போக்குவரத்துத் துறை அதை எடுத்துக்கொண்டதில் ஒரு பொருத்தம் இருக்கத்தான் செய்கிறது.

ஜப்பானியப் பாட்டுகளைப் பள்ளியும் இதழும் தெருவும் எடுத்துக்கொண்டன. தமிழில் அந்த வேலையைப் பெரிதும் செய்தது கோயிலும் மடமும். கோவர் 1871இல் தென்னிந்திய நாட்டுப் பாடல்களை ஆங்கிலத்தில் தொகுத்ததும், கி.வா. ஜகந்நாதனின் 'மலையருவி'யும் நா. வானமாமலையின் தொகுப்புகளும் வந்ததும் மிகப் பின்னால். அதற்குள் விளையாட்டுப் பாட்டின் ஒரு பகுதி பாராயண நூலாகி நூற்றாண்டுகள் ஆகியிருந்தன.

அப்பளமும் உந்தியும்

இந்த நீண்ட மரபு 20ஆம் நூற்றாண்டில் மீண்டும் அண்ணாமலை அடிவாரத்துக்கே வந்து சேர்ந்தது. 1896 செப்டம்பர் 1ஆம் நாள் இவ்வூர் வந்த ரமணர் தாமாக முனைந்து எழுதியது குறைவு. யாராவது கேட்க, ஏதாவதொரு தேவை எழ, எழுதியதே அதிகம். நாட்டுப் பாட்டு பிறக்கும் விதமும் ஏறக்குறைய இதுதான்.

அருணாசல அட்சரமணமாலையை எடுத்துக்கொள்வோம். 108 கண்ணிகள், ஒவ்வொன்றும் அருணாசலனை அழைத்தே முடியும். ஊருக்குள் பிட்சைக்குப் போன அடியார்கள் தங்களுக்கென்று ஒரு பாட்டு வேண்டுமென்று கேட்டார்கள். குகை அடியார்கள் வருவதாக எண்ணி ஊரார் எடுத்துவைத்த சோற்றை வேறு சிலர் வாங்கிக்கொண்டு போய்விடுவது அப்போதைய சிக்கல். ஆகவே அந்தப் பாட்டு முதலில் தெருவில் நடந்துகொண்டே பாடும் அடையாளப் பாட்டு. எல்லோரும் சேர்ந்து பிடிக்கும்படியான ஈற்றழைப்பு அதற்கு வேண்டியிருந்தது. அந்தத் தேவை போய் நூறாண்டு ஆகிறது. இன்று உட்கார்ந்து பாடுகிறார்கள்.

என் பார்வையில் அதைவிட முக்கியமானது அப்பளப் பாட்டு. விரூபாட்ச குகைக் காலத்தில் தாயார் அழகம்மாள் அப்பளம் இட முனைந்து, பழைய வீட்டு வழக்கப்படி மகனையும் கைகொடுக்கச் சொன்னார். மகன் வேலைக்கு வரவில்லை. நீங்கள் அந்த அப்பளத்தை இடுங்கள், நான் இந்த அப்பளத்தை இடுகிறேன் என்று பாட்டாக இட்டார். உளுந்தை உடைக்க வேண்டும், பிரண்டைச் சாறு விட வேண்டும், சீரகமும் மிளகும் உப்பும் பெருங்காயமும் சேர வேண்டும், உலக்கையால் இடிக்க வேண்டும், பலகையில் குழவி கொண்டு இட வேண்டும், நெய்யில் பொரிக்க வேண்டும். ஒரு படிகூடப் பாட்டில் விட்டுப்போகவில்லை. தான் என்ற எண்ணம் உளுந்து. அதை உடைக்கும் திரிகை 'நான் யார்' விசாரம். பிரண்டைச் சாறு நல்லோர் சேர்க்கை. மன அடக்கமும் புலனடக்கமுமாகிய சமமும் தமமும் சீரகமும் மிளகும், விலகி நிற்றலாகிய உபரதி உப்பு, நல்ல வாசனை பெருங்காயம். கடைசியில் பிரம்மமாகிய நெய்.

இதைத் தனியே படிப்பவர்கள் வேடிக்கையான உருவகம் என்று நின்றுவிடுவார்கள். திருப்பொற்சுண்ணத்தோடு வைத்துப் படித்தால் வேறொன்று தெரியும். பெண்கள் சேர்ந்து உரலில் நறுமணப் பொடி இடிக்கும்போது பாடும் பாட்டு அது. உலக்கையை எடுப்பது, வளை ஒலிப்பது, சுண்ணம் இடிப்பது எல்லாம் அதில் உண்டு. அதற்கு முன்னால் சிலம்பின் வள்ளைப் பாட்டு. மூன்றும் உரலைச் சுற்றிய பாட்டுகள். ரமணருக்கு முன்பே செங்கோட்டை ஆவுடையக்காள் கும்மியிலும் அம்மானையிலும் பள்ளிலும் அத்துவிதம் பேசியிருந்தார். அவருடைய பாட்டுகள் தென்மாவட்டத்து அந்தண மகளிரிடையே வாய்வழியாகவே நெடுங்காலம் வழங்கின. அடுக்களையில் வேதாந்தம் நுழைந்தது புதுமை அல்ல. புதுமை எதுவென்றால், ஆண் துறவி ஒருவர் அடுக்களை வேலையின் ஒழுங்கை அப்படியே சாதனையின் ஒழுங்காக ஏற்றுக்கொண்டது. மாவைப் பிசையாமல் இடிக்க முடியாது, இடிக்காமல் அப்பளம் இட முடியாது. அந்த முன்பின் வரிசையே பாட்டின் தருக்கம். அதனால்தான் உயர்த்தினார்கள் என்ற சொல் எனக்குப் போதவில்லை.

பின் 1927. தமிழாசிரியராக இருந்து 1923இல் ரமணரிடம் வந்த முருகனார், திருவாசகத்தையே அச்சாகக் கொண்டு ரமணரைப் பாடிக்கொண்டிருந்தார். பின்னர் 'ரமண சந்நிதி முறை' எனத் தொகுப்பான அந்தப் பாட்டுகளில் திருவெம்பாவை முதலிய மகளிர் பாட்டு வடிவங்களும் உண்டு. உந்தியார் யாப்பில் சிவனின் திருவிளையாடல்களைப் பாடிக்கொண்டு வந்தவர் தாருகவனக் கதைக்கு வந்தார். கன்மமே போதும் என்று செருக்கிய முனிவர்களுக்குச் சிவன் என்ன உபதேசித்தார் என்ற இடத்தில் நிறுத்தி, இதை நீங்களே அருள வேண்டும் என்று ரமணரைக் கேட்டுக்கொண்டார். ரமணர் முப்பது பாட்டு எழுதினார். அதே மூன்றடி, அதே இரட்டை முடிப்பு. (நந்தன் சரித்திரக் கீர்த்தனை மெட்டில் முருகனார் தொடங்கிவைத்த 'ஆன்ம வித்தை'யையும் ரமணர் அதே ஆண்டு முடித்துக் கொடுத்தார்.)

கன்மம் சடம், அது கடவுளாகாது என்பதுபோன்ற ஒரு வாதத்துக்கு உந்தியின் அச்சு ஏன் பொருந்தியது? முதலடி ஒரு கருத்தை வைக்கிறது. இரண்டாமடி அதை முடுக்குகிறது. 'உந்தீபற' வந்து நிறுத்துகிறது. மூன்றாமடி முடிவைச் சொல்லி மீண்டும் நிறுத்துகிறது. ஆடுபவள் கால் ஊன்றிக்கொள்ள இருந்த அந்த இடைவெளியில் கேட்பவர் சிந்திக்க நேரம் கிடைக்கிறது. சூத்திரம்போல் இறுகிய கருத்து மூச்சுத் திணறாமல் இறங்குவதற்கு இந்த நிறுத்தமே காரணம்.

காவியகண்ட கணபதி முனிவர் முதலானோர்க்காக வடமொழியில் அதையே ரமணர் செய்தபோது அந்த முடிப்பு விழுந்துவிட்டது. வேதபாராயணத்தோடு ஓதுவதற்கு ஏற்ற சுலோகங்களாயின. விளையாட்டின் தடயம் ஒரு சொல்லளவுகூட இல்லை. அந்த வடிவமே இந்தியா முழுதும் பரவியது. தெலுங்கிலும் அவர் செய்தார். மலையாளத்தில் குஞ்சு சுவாமிக்காகச் செய்தபோதோ வடிவம் கும்மிப் பாட்டு. உந்தி பறந்தது போய்க் கைகொட்டி ஆடும் ஆட்டம் வந்தது, எப்படியானாலும் ஆட்டப்பாட்டுதான். இதைத் தற்செயல் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. முருகனாருக்குத் தொடுத்த உந்தியின் இனமான ஒன்றை அடுத்த மொழியில் தேடினால் கும்மியே கைக்கு எட்டும்.

எழுத்து தொடாத ஆட்டம்

எதிர்ச்சான்று ஒன்றும் இவ்வூரிலேயே இருக்கிறது. கார்த்திகைத் தீபத்தன்று இப்பகுதிப் பையன்கள் மாவளி சுற்றுவார்கள். பனம்பூவைக் குழியில் எரித்து மூடிக் கரியாக்கி, இடித்துத் தூளாக்கி, பழந்துணியில் இறுகச் சுருட்டி, பிளந்த பனைமட்டைக்கு நடுவே வைத்துக் கட்டுவார்கள். நுனியில் நெருப்பு வைத்து, கயிற்றைப் பிடித்துத் தலைக்கு மேல் வேகமாகச் சுழற்றினால் பொறிகள் வட்டமாகக் கொட்டும். மலையுச்சியில் தீபம் தெரியும்போது அடிவாரத்து ஊர்களில் இந்த வட்டங்கள் தெரியும். இதற்குப் பாட்டு என்று பெரிதாக இல்லை. மாவளியின் பெயரையே கூவுவதுதான். பாசுரமாக்க அதில் சொல் போதாது. எந்தப் புலவரும் தொடாததாலேயே அது ஆட்டமாகவே இருக்கிறது. பனைமரங்கள் குறைவதும் பட்டாசு மலிந்ததும்தான் இப்போது அதற்கு வந்திருக்கும் இடர்.

திருவெம்பாவைக்கு நேர்ந்தது வேறு. மார்கழியில் திருப்பாவை, திருவெம்பாவை ஒப்புவித்தல் போட்டிகளை அறநிலையத் துறையும் பள்ளிகளும் நடத்துகின்றன. சிறுமியர் வாயிலிருந்து பெரியோர் பாராயணத்துக்குப் போன பாட்டு, இவ்வகையில் திரும்பவும் சிறுமியர் வாய்க்கே வந்திருக்கிறது. தோழியை எழுப்பும் பாட்டை ஒருத்தி தனியே நின்று, கைகட்டி, நடுவர் மேசையைப் பார்த்துச் சொல்கிறாள். இருபது பாட்டையும் பிழையில்லாமல் சொன்னால் பரிசு.